தீயணைப்பு வண்டி திரும்ப ஓர் இடம்

இனிமேல் என் காதில் ஒரு கியர் சத்தம்கூட விழக் கூடாது என்று நான் தீர்மானித்தது, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று மத்தியானம், சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு. அச்சகத்தில் எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசாகக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தால், சொந்த வீட்டுக்குள் போக முடியவில்லை. ஒரு கார் வாசலை அடைத்துக்கொண்டு, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் கர்ர் கர்ரென்று கனைத்துக்கொண்டிருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேர்த்து விறுவிறுத்து ஒரு பல் டாக்டர். பக்கத்து சீட்டில் என் மனைவி.

"கிளட்ச், டாக்டர், கிளட்ச்!"

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன் மேடம்!"

"அது பிரேக்!"

கார் ஒரு குதி குதித்தது. நானும் ஒரு குதி குதித்தேன். கடிகாரம் கீழே விழுந்து பன்னிரண்டரையோடு நின்றுவிட்டது. அதனால்தான் நேரத்தை அவ்வளவு கரெக்டாகச் சொல்ல முடிகிறது.

என் மனைவி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். இருபத்திரண்டு வருஷமாக. ஒரு கார், ஒரு சின்ன லாரி, எங்கள் வீட்டு முற்றம், இவ்வளவுதான் பள்ளிக்கூடம். காலை ஆறு மணிக்கு முதல் மாணவர் ஹாரன் அடிப்பார். சாயந்திரம் ஏழு மணிக்குக் கடைசி மாணவர் எதையாவது இடிப்பார். எங்கள் ஊரில் லைசென்ஸ் வைத்திருக்கும் பேர்வழிகளில் பாதிப் பேர் என் ஜன்னலுக்கடியில் ரிவர்ஸ் எடுக்கக் கற்றவர்கள். மீதிப் பேர் முதலில் என் ஜன்னலில் மோதிவிட்டு, பிறகு கற்றவர்கள்.

நான் ஓட்டுவேனா என்று கேட்காதீர்கள். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொல்லிக் கொடுத்தாள். கேட் தூணைத் திருப்பிக் கட்டினோம். அதற்கப்புறம் அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

அந்தக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஸ்டீயரிங் மாணவர் கையில் இருக்கும், வண்டி நிற்பதும் போவதும் அவள் காலில் இருக்கும். எங்கள் குடித்தனமும் அப்படித்தான் என்று அக்கம்பக்கத்தில் சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள். அபாண்டம்! எங்கள் வீட்டில் எல்லா முடிவும் என்னுடையதுதான். ஆதாரம் வேண்டுமா? ஹால் திரைச்சீலைக்கு அவள் நீலம் என்றாள். பச்சைதான் என்றேன் நான். பச்சை வந்தது. பாவம், பன்னிரண்டு வருஷமாகப் பொறுத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் அதைத் தடவித் தடவிக் காட்டுகிறாள். ஃபிரிட்ஜ் சின்னதாகப் போதும் என்றாள். பெரிசுதான் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதை நிரப்பவே இன்றைக்கு வரைக்கும் அவளுக்கு நேரம் சரியாக இருக்கிறது. அவள் ஒன்று சொன்னால் நான் அதற்கு நேர் எதிராக ஒன்று சொல்வேன். அதுதான் நடக்கும்.

இதற்கு என் தொழிலும் ஒரு காரணம். முப்பத்தோரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினேன். யார் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் என் கண் தப்பைத்தான் தேடும். 'நீ சொன்னது சரி' என்ற வாக்கியம் என் வாயிலிருந்து வந்ததே கிடையாது. பழக்கமில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற கையோடு ஊரைவிட்டு ஒரு மணி நேரம் தள்ளி நிலம் வாங்கினோம். தார் ரோட்டிலிருந்து உள்ளே நானூறு அடி நீளம், நூற்றைம்பது அடி அகலம். கடைசியில் ஒரு மேடு. மேட்டில் மூன்று மரம். அங்கே போய் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். ஒரே ஒரு குருவி. அதுவும் ரகசியம் பேசுகிற மாதிரிதான் பேசியது. எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இங்கேதான் வீடு, இந்த இடத்தில்தான் என் சாய்வு நாற்காலி என்று அப்போதே மனசுக்குள் ஆணி அடித்துவிட்டேன்.

கீழே ரோட்டோரத்தில் நின்றுகொண்டிருந்தாள் மனைவி.

"ஏங்க, வீட்டை இங்கயே ரோட்டோரமா கட்டிடலாமே?"

"எதுக்கு?"

"சாமான் இறக்க வசதி. வாசல்ல இருந்து நாலு எட்டு வச்சா ரோடு."

எனக்குப் புரியாதா? ரோடு என்றால் கார். கார் என்றால் பல் டாக்டர். என்னையா ஏமாற்றப் பார்க்கிறாள்?

"முடியாது. வீடு அந்த மேட்டுல."

"ஐயையோ, அவ்வளவு உள்ளயா? முந்நூறு அடிக்கு மேல இருக்குமே!"

"இருக்கட்டும்."

"வழி?"

"நாலடி அகலத்துல ஒரு பாதை. நீ நடக்கலாம், நான் நடக்கலாம். சைக்கிள்ல யாராவது வந்தா இறங்கி உருட்டிட்டு வரணும்."

"அப்போ என் ஸ்கூல்?"

"இருபத்திரண்டு வருஷம் நடத்தினது போதாதா? எனக்கு நிம்மதி வேணும். மூடிடு."

அவள் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"ஸ்டீயரிங்கைத் தொட்டாலே கை நடுங்கறவங்க வருவாங்க. ஒரு மாசம் கழிச்சு அவங்களே தனியா ஓட்டிட்டுப் போவாங்க. போகும்போது கண்ணாடியில என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாங்க பாருங்க. அதை விட்டுட்டு நான் என்ன பண்ணுவேன்?"

நான் ஆடிப்போய்விட்டேன். இதற்கு முன் அவள் அழுது நான் பார்த்தது லாரிக்கு எஞ்சின் மாற்றிய அன்றைக்கு மட்டும்தான். தொண்டை வரை வந்த 'சரி, விடு' என்ற வார்த்தையை விழுங்கினேன். இன்று விட்டால் என்றைக்கும் இல்லை. தீர்மானம் என்றால் தீர்மானம்தான்.

"சரிங்க, உங்க இஷ்டம்" என்றாள் அவள், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா எனக்கு ஒண்ணு எழுதிக் கொடுங்க. அங்க வண்டி திரும்ப இடமில்லைன்னா நான் ஸ்கூலை மூடிடறேன். ஒருவேளை இடமிருந்தா, அப்போ நீங்க வேண்டாம்னு சொல்லக் கூடாது."

நாலடிப் பாதையில் வண்டி திரும்புமா? மனசுக்குள் சிரித்தபடி உடனே எழுதினேன். 'புது வீட்டில் வண்டி திரும்ப இடமில்லையெனில் டிரைவிங் ஸ்கூல் மூடப்படும்; இடமிருப்பின் தொடர்ந்து நடைபெறும்.' அரைப்புள்ளி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பெரிய ஃபிரிட்ஜின் கதவில் ஒட்டினோம். அவள் கேட்டதைவிட அழகான வாக்கியமாகவே அமைந்துவிட்டது.

கட்டட அனுமதி விண்ணப்பத்தை அவளே நிரப்பினாள். வண்டி லைசென்ஸ் விஷயமாக ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவள், அவளுக்கு அது தண்ணீர்பட்ட பாடு. அந்த விண்ணப்பத்தோடு கொடுக்கிற ஒரு பச்சை அட்டைப் புத்தகத்தையும் எப்போதோ வாங்கி வைத்திருந்தாள். 'கிராமப்புறத்தில் வீடு கட்டுவோர்க்கான தீயணைப்பு விதிகள்.' இருபத்து நாலு பக்கம்.

"ஏங்க, இதை ஒரு தடவை படிச்சிடுங்க. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லக் கூடாது" என்று என் கையில் கொடுத்தாள்.

படிக்க உட்கார்ந்தேன். முதல் பக்கத்திலேயே ஏழு பிழை! 'தீயணைப்பு' என்ற சொல்லையே ஓரிடத்தில் தப்பாக அடித்திருந்தார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. சிவப்புப் பேனாவை எடுத்து ஏழையும் சுழித்து, ஓரத்தில் திருத்தம் எழுதி, புத்தகத்தைப் பட்டென்று மூடினேன்.

"சொந்தப் பேரையே ஒழுங்கா எழுதத் தெரியாதவங்க எனக்கு வீடு கட்டச் சொல்லித் தர்றாங்களா? இந்தா, பிடி!"

"மீதிப் பக்கம் இருக்கேங்க."

"முதல் பக்கத்து லட்சணமே போதும்."

அவள் புத்தகத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

எனக்கு ஒரே பயம்தான். அவள் மனசு மாறி மறுபடி அழுதால் என்ன செய்வது? அதனால் மேஸ்திரியைப் பிடித்து விரட்டினேன். மேஸ்திரி நிதானமான மனிதர். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் இரண்டு தடவை காது சொறிவார்.

"சார், இப்போ வந்திருக்கறது அஸ்திவாரத்துக்கு மட்டும்தான் அனுமதி. சுவர் எழுப்பணும்னா தீயணைப்பு ஆபீசரு வந்து பார்த்துக் கையெழுத்துப் போடணும். அவரு வந்துட்டுப் போகட்டுமே?"

"அதெல்லாம் சும்மா ஒரு சம்பிரதாயம். நீங்க போடுங்க."

"மேட்டுலயேவா சார்?"

"மேட்டுலயேதான். மரத்துக்குப் பக்கத்துல. நாளைக்கே."

பத்து நாளில் அஸ்திவாரம் முடிந்தது. நல்ல கெட்டியான கான்கிரீட். யானை வந்து ஆடினாலும் அசையாது என்றார் மேஸ்திரி. அதன் மேல் ஏறி நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஒரு படம் எடுத்துக்கொண்டேன். எடுத்தவள் என் மனைவிதான். "நல்லா சிரிங்க" என்றாள்.

பதினோராம் நாள் தீயணைப்பு அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். கையில் ஒரு பெரிய டேப். ரோட்டில் ஜீப்பை நிறுத்திவிட்டு மேடு வரைக்கும் நடந்து வந்தார். வந்து மூச்சு வாங்கினார். மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டார்:

"வண்டி எந்தப் பக்கமா வரும்?"

"எந்த வண்டி?"

"தீயணைப்பு வண்டி சார். உங்க வீடு எரிஞ்சா?"

"எரியாது."

"எரிஞ்சா?"

"எரியாது சார், நாங்க ரொம்ப ஜாக்கிரதையானவங்க."

"எரியறதுக்கு முந்தின நாள் வரைக்கும் எல்லாரும் ஜாக்கிரதையானவங்கதான் சார். பாதை பன்னிரண்டு அடி அகலம் வேணும். கேட் பதினாலு அடி. எங்க வண்டி தண்ணியோட இருபது டன். அதைத் தாங்கற மாதிரி கெட்டியாப் போடணும். மேல கிளை கிளையா நீட்டிட்டு இருக்கே, அதெல்லாம் பதினாலு அடி உயரம் வரைக்கும் கழிக்கணும். ஏத்தம் பத்தடிக்கு ஒரு அடிக்கு மேல கூடாது. அதனால நேரா ஏற முடியாது, ஒரு வளைவு கொடுத்துத்தான் ஏறணும்."

அவர் மூச்சே விடவில்லை.

"அப்புறம் முக்கியமா, பாதை நூத்தைம்பது அடிக்கு மேல போனா, கடைசியில வண்டி திரும்ப இடம் விடணும்."

அந்த ஐந்து சொல்லையும் என் காது தனித்தனியாகக் கேட்டது. கடைசியில். வண்டி. திரும்ப. இடம். விடணும்.

"திரும்ப எதுக்கு சார்? வந்த வழியே ரிவர்ஸ்ல போகட்டுமே!"

"முந்நூறு அடி, வளைவுல, இறக்கத்துல, ரிவர்ஸ்ல? எங்க டிரைவர் மனுஷனா, மந்திரவாதியா? ஆங்கில டி எழுத்து மாதிரி ஒரு இடம். மேல் கோடு நூத்திருபது அடி. இல்லைன்னா சுவர் எழுப்ப அனுமதி கிடையாது."

பக்கத்தில் என் மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. "அடடா, என்னங்க இது?" என்றாள். "விதின்னா என்ன பண்ண முடியும்?"

இதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? அடுத்த நாளே அதிகாரியின் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்தேன். வேறு வழியே கிடையாதா என்று குடைந்தேன். கடைசியில் அவரே சொன்னார்: கூரை முழுக்கத் தானாகத் தண்ணீர் தெளிக்கிற குழாய் போட்டுவிட்டால், வண்டி திரும்பும் இடத்தை விட்டுக்கொடுக்க ஒரு விதி இருக்கிறதாம். விழுந்தடித்துக்கொண்டு ஒரு குழாய் வேலைக்காரரைக் கூட்டி வந்தேன்.

அவர் மேட்டைச் சுற்றிப் பார்த்தார்.

"போட்டுடலாம் சார். பெரிய தொட்டி ஒண்ணு வேணும். எப்பவும் நிறைஞ்சே இருக்கணும்."

"இருக்கட்டும்."

"கிணறு இல்ல, குழாய்த் தண்ணியும் இன்னும் வரல. தண்ணி லாரிதான் வந்து ஊத்தணும்."

"ஊத்தட்டுமே."

"ஊத்திட்டு அது எப்படி சார் திரும்பிப் போகும்?"

நான் அவரை முறைத்தேன். அவர் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் வரைந்தார். ஆங்கில டி எழுத்து.

அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. யோசித்து யோசித்துப் பார்த்தால் ஒரே ஒரு வழிதான் பாக்கி. வீட்டை ரோட்டோரமாகக் கட்டினால் பாதையே வேண்டாம். பாதை வேண்டாமென்றால் திரும்பும் இடம் வேண்டாம். இடமில்லையென்றால் ஸ்கூல் இல்லை. ஃபிரிட்ஜ் கதவே சாட்சி. ரோட்டில் போகிற வண்டியை நான் எப்படியாவது பொறுத்துக்கொள்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. 'நீ சொன்னது சரி' என்று நான் சொல்ல வேண்டும்.

குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். 'நீ' வந்தது. 'சொன்னது' வந்தது. 'சரி' வரும்போது இருமல் வந்தது. மூன்று நாள் பழகினேன். நான்காம் நாள் காலையில், அவள் காருக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கும்போது, பல்லைக் கடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"ஏம்மா, வீடு விஷயம்."

"சொல்லுங்க."

"நீ சொன்னது சரி."

காற்றடிக்கிற பம்பைக் கீழே போட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க சொன்னீங்க?"

"நீ சொன்னது சரின்னேன்."

"சரியாக் காதுல விழல."

"நீ! சொன்னது! சரி! ரோட்டோரமாவே கட்டிடலாம்!"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அவள் கண் கலங்கிவிட்டது. இந்தத் தடவை நிஜமாகவே கலங்கியது, நான் பார்த்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதைக் கேக்கறதுக்கு எத்தனை வருஷம் காத்துட்டு இருந்தேன் தெரியுமா? எனக்கு இது போதுங்க. ஆனா வேண்டாம்."

"வேண்டாமா?"

"நீங்க ஆசைப்பட்ட மேடு. நீங்களே பக்கத்துல நின்னு போட்ட அஸ்திவாரம். யானை ஆடினாலும் அசையாதாம். அதைப் போய் உடைக்கறதா? ஊர் என்ன சொல்லும்? பொண்டாட்டி பேச்சைக் கேட்டு வீட்டையே இடம் மாத்திட்டார்னு சிரிக்காதா? உங்க பேரை நான் கெடுக்க மாட்டேன்."

மூன்று நாள் பயிற்சி, ஒரு இருமல், பக்கத்து வீட்டு ஜன்னல், எல்லாம் வீண்.

பாதை போட்டோம். ரோலர் வந்தது, ஜல்லி வந்தது. என் நிம்மதியின் மேல் இருபது டன் தாங்குகிற மாதிரி கெட்டிப்படுத்தினார்கள். வளைவு வந்தது, பதமான ஏற்றம் வந்தது, ஏற்றத்தின் முடிவில் சாய்வு நாற்காலிக்கு நான் பார்த்து வைத்த ஜன்னலுக்கு நேரெதிரே நூற்றிருபது அடியில் டி வந்தது. மனைவி ரோலர்காரரோடு கூடவே நடந்தாள்.

"வளைவை இன்னும் ஒரு அடி வெளிய இழுங்க அண்ணே. பின் சக்கரம் ஏறிடப் போகுது."

"அது என்ன உனக்கு அவ்வளவு அக்கறை?" என்றேன்.

"நம்ம வீடு எரிஞ்சா அவங்க சீக்கிரம் வர வேண்டாமா?" என்றாள்.

சுவர் எழும்பியது, கூரை வந்தது. கடைசிப் பரிசோதனைக்கு ஒரு நாள் குறித்தார்கள். அன்றைக்கு நிஜமான தீயணைப்பு வண்டியே வந்தது. சிவப்பு மலை மாதிரி பதினாலு அடி கேட்டுக்குள் நுழைந்து, வளைவில் திரும்பி, ஏற்றத்தில் ஏறி, என் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நல்ல மீசைக்காரர். டியில் பின்னால் எடுத்து, முன்னால் வந்து, கச்சிதமாகத் திருப்பினார். நான் மனசார அவரைச் சபித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி குரல் கொடுத்தாள்.

"கிளட்ச்ல இருந்து காலை எடுடா! இன்னும் அந்தப் பழக்கம் போகலையா?"

மீசைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்து இறங்கினார். "டீச்சர்!"

அவரும் என் பழைய வீட்டு ஜன்னலில் மோதியவர்களில் ஒருவராம். தேதி முதற்கொண்டு அவருக்கு ஞாபகம் இருந்தது.

அதிகாரி டேப்பைச் சுருட்டினார். "எல்லாம் சரியா இருக்கு" என்று கையெழுத்துப் போட்டார். பிறகு ஜீப்பிலிருந்து ஒரு பலகையை எடுத்துவந்து டியின் ஓரத்தில் நட்டார். நான் எட்டிப் படித்தேன். 'இங்கே வண்டி நிறுத்தக் கூடாது.' ஒரு பிழையும் இல்லை. எனக்கு உயிர் வந்தது.

"சார், எந்த வண்டியும் நிக்கக் கூடாதா?"

"எந்த வண்டியும்."

"மீறி நின்னா?"

"அனுமதியே ரத்தாகும் சார்."

நான் மனைவி பக்கம் திரும்பினேன். அச்சகத்தில் தலைப்புச் செய்தியில் தப்பைக் கண்டுபிடித்த அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"கேட்டியா? நிக்கக் கூடாது! உன் காரும் நிக்கக் கூடாது, லாரியும் நிக்கக் கூடாது. என்ன சொல்றே?"

அவள் அதிகாரியைப் பார்த்தாள். "சார், நிக்கத்தானே கூடாது? ஓடிட்டு இருந்தா?"

அதிகாரி தாடையைத் தடவினார்.

"ஓடற வண்டிக்குத் தடையில்லம்மா. ஓடறது எப்படியும் ஒதுங்கி வழி விட்டுடும். சொல்லப்போனா தினமும் வண்டி ஓடினா பாதையில புல்லு முளைக்காது. எங்களுக்கு ரொம்ப நல்லது."

"அப்போ வண்டிகளை எங்க நிறுத்துவே?" என்று கத்தினேன்.

"ரோட்டோரமா அவ்வளவு இடம் சும்மாதானே கிடக்கு? வீடுதான் அங்க வரலையே" என்றாள்.

மீசைக்காரர் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "டீச்சர், ஸ்டேஷன்ல புதுசா ஆறு பேரு சேர்ந்திருக்காங்க. வளைவு, ஏத்தம், திரும்பற இடம் மூணும் ஒரே இடத்துல அமையறது ரொம்பக் கஷ்டம். செவ்வாயும் வியாழனும் கூட்டிட்டு வரட்டுமா?"

"தாராளமா வாங்க!"

நான் அந்தப் பலகையைப் பிடித்துக்கொண்டேன். "சைரன் போடுவாங்களா?"

"சைரன் இல்லாம எப்படி சார் பழகறது?" என்றார் அவர்.

இப்போது புது வீட்டில்தான் இருக்கிறேன். குருவி குடிபெயர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜ் கதவில் என் அரைப்புள்ளி அப்படியே இருக்கிறது. ஜன்னலுக்கு நேரே பல் டாக்டரின் தங்கை டியில் சிக்கிக்கொண்டு, நிற்கவும் கூடாமல் போகவும் முடியாமல் தவிக்கிறாள். நேற்று செவ்வாய்க்கிழமை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, இந்த அநியாய விதியில் எங்கேயாவது ஒரு ஓட்டை இருந்தே தீரும் என்று கங்கணம் கட்டிக்கொண்டு அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். இந்தத் தடவை முதல் பக்கத்தோடு நிறுத்தவில்லை. விடாமல் படித்தேன். பதினாலாம் பக்கத்தில் டி வடிவத்தில் ஒரு படம். அதற்குக் கீழே, நிலம் வாங்குவதற்கு முந்தின மாதத் தேதி போட்டு, பென்சிலால், என் மனைவியின் குண்டு குண்டுக் கையெழுத்தில் இரண்டே வரி:

'வீடு ரோட்டோரமா வேணும்னு அவர்கிட்ட கேக்கணும். முடியாதுன்னு சொன்னதும் அழணும்.'

முப்பத்தோரு வருஷம் பிழை திருத்தியவன் நான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்துப் பார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை.